வெளியே கீறலுமில்லை, உள்ளே?



விபத்தில் சிக்கியவர் எழுந்து நின்று, "எனக்கு ஒன்றுமில்லை" என்று கூறிவிட்டால் நாம் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறோம். இரத்தம் சிந்தவில்லை, எலும்பு முறியவில்லை என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறோம். ஆனால் தோலில் ஒரு கீறலும் இன்றி, உள்ளே உயிருக்கு உலைவைக்கும் காயம் ஒன்று உண்டு. அதுவே பெருந்தமனிக் காயம்.

இதயத்திலிருந்து உடலெங்கும் இரத்தத்தைக் கொண்டு செல்லும் தலையாய குழாய் பெருந்தமனியாகும். அது மேலே வளைந்து, பின்னர் முதுகெலும்பை ஒட்டிக் கீழிறங்குகிறது. வளைவு சற்றே அசையக்கூடியது. இறங்கும் பகுதியோ முதுகுப்புறத்தோடு பிணைந்தது. விரைந்து செல்லும் வாகனம் மோதித் திடீரென நிற்கையில் இவ்விரண்டும் சேருமிடம் இழுபட்டுக் கிழிகிறது. உயரத்திலிருந்து விழுந்தாலும் இவ்வாறு நேரலாம். குதிரையிலிருந்து தூக்கியெறியப்பட்ட ஒருவருக்கு ஏற்பட்ட இக்காயத்தை உடற்கூற்று அறிஞர் வெசாலியஸ் 1557ஆம் ஆண்டிலேயே விவரித்துள்ளார்.

குழாய் முழுவதும் கிழிந்தால் பெரும்பாலோர் விபத்து நடந்த இடத்திலேயே உயிரிழப்பர். உள்ளடுக்கு கிழிந்து வெளியடுக்கு தாங்கிக்கொண்டால் சிறிது அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்தை வீணாக்கலாகாது.

நெஞ்சுவலி, தோள்பட்டைகளுக்கு இடையே முதுகுவலி, மூச்சுத்திணறல், குரல் கம்முதல், இரு கைகளிலும் இரத்த அழுத்தம் வேறுபடுதல், கால்களில் நாடி தளர்தல் ஆகியன இதன் அறிகுறிகள். எனினும் இவற்றில் ஒன்றேனும் தென்படாமலும் இருக்கலாம். எக்ஸ்ரே படத்தில் நடுமார்பு அகன்று தோன்றினால் மருத்துவர் ஐயுறுவார். இரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன்தான் ஐயத்தைத் தீர்க்கும்.

சிகிச்சையின் முதற்படி, இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் மருந்தால் தணிப்பதாகும். சிறு கிழிசல் மருந்தாலும் தொடர் கண்காணிப்பாலும் ஆறிவிடக்கூடும். பெரிய கிழிசலுக்கு முன்பு மார்பைத் திறந்தே அறுவை செய்தனர். 1987ஆம் ஆண்டில், அன்றைய சோவியத் நாட்டின் கார்கிவ் நகரில் டாக்டர் வோலோதோஸ், விபத்தால் புடைத்திருந்த பெருந்தமனிக்குள் உறையிட்ட ஸ்டென்ட் ஒன்றைப் பொருத்திக் காட்டினார். இன்று பெரும்பாலும் தொடை இடுக்கின் தமனி வழியாகவே இச்சிகிச்சை நடைபெறுகிறது.

வாசகர்களே! விபத்து கடுமையானதாயின், காயம் தெரியாவிடினும் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். அடிபட்டவரை எழுப்பி நடக்கவிடாதீர்கள். மருத்துவரிடம் வலியை மட்டும் கூறாமல், வண்டி வந்த வேகம், மோதிய விதம், விழுந்த உயரம் ஆகியவற்றையும் எடுத்துரையுங்கள். கண்ணுக்குத் தெரியாத காயத்தைத் தேடுமாறு மருத்துவரைத் தூண்டுவது அந்த விவரமே. காரில் ஏறியதும் இருக்கைப் பட்டையை அணிய மறவாதீர்கள். "எனக்கு ஒன்றுமில்லை" என்று அடிபட்டவர் சொன்னாலும், அதனை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவரே.