காது கேளாத நாயை விரட்ட வேண்டியதில்லை

எங்கிருந்தோ வந்து தோட்டத்தில் ஒட்டிக்கொண்ட வெள்ளை நாய் ஒன்று சொட்டுநீர்க் குழாயைக் கடித்துக் குதறுகிறது. வாழைக் கன்றின் தூரைப் பறிக்கிறது. எவ்வளவு அதட்டினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. திமிர் பிடித்த நாய் என்று அதை அடிப்பதும், பிறகு சாக்கில் போட்டு அடுத்த ஊர் எல்லையில் விட்டுவிடுவதும் பல இடங்களில் நடக்கின்றன. நஷ்டம் அடுத்தவர் தோட்டத்துக்கு மாறுமே தவிர, வேறு பயன் இல்லை. பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

அந்த நாய்க்குக் காது கேட்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு அபூர்வம் அல்ல. ராஜபாளையம் நாயிலும் உண்டு. மயிருக்கு நிறம் தரும் அணுக்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லாவிடில், பிறந்த சில வாரங்களிலேயே உட்காதில் இரத்த ஓட்டம் குன்றிக் கேட்கும் சக்தி அழிந்துவிடுகிறது. இதற்கு மருந்து கிடையாது. நாய் முதுகு காட்டிப் படுத்திருக்கும்போது தள்ளி நின்று சாவிக் கொத்தைக் குலுக்கிப் பார்க்கலாம். தரையைத் தட்டக் கூடாது. அதிர்வை உணர்ந்து நாய் எழுந்தால், காது கேட்கிறது என்று ஏமாற நேரிடும். காதில் சீழ் இருந்தாலும் செவி மந்தமாகலாம். ஆகவே வெறிநாய்த் தடுப்பூசிக்குக் கொண்டு செல்லும்போதே கால்நடை மருத்துவரிடம் காதையும் காட்டிவிடுவது நல்லது.

ஆனால் கடிப்பதற்கும் தோண்டுவதற்கும் செவிடு காரணம் அல்ல. நான்கு முதல் ஏழு மாதம் வரை பல் மாறும் காலம். அப்போது எந்தக் குட்டியும் கடிக்கும். வளர்ந்த நாய் வேலையற்றுக் கிடந்தால் கடிக்கும். வெயிலில் குளிர்ந்த மண்ணைத் தேடித் தோண்டும். எலி வளை கண்டாலும் தோண்டும். பல நேரங்களில் தோண்ட அழைப்பவர் விவசாயியே! எலும்புத் தூளும் மீன் அமிலமும் இட்ட குழியை எந்த நாய்தான் விட்டுவைக்கும்? அதில் ஆமணக்குப் புண்ணாக்கும் சேர்ந்திருந்தால் நாயின் உயிருக்கே ஆபத்து. குருணை மருந்தும் எலி மருந்தும் அப்படியே. இத்தகைய இடங்களை முள் போட்டு மறைக்க வேண்டும்.

நாள் முழுதும் சங்கிலியில் கட்டுவது பலரும் செய்யும் பரிகாரம். அவிழ்த்ததும் அந்த நாய் இரட்டிப்பாகத் தோண்டும். மேற்படி சட்டமும், கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பதை ஏற்கவில்லை. காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து வரப்பைச் சுற்றி வந்தாலே பாதித் தொல்லை தீரும். மர நிழலில் நான்கடி நீளம், மூன்றடி அகலத்தில் மணல் குழி அமைத்து, தண்ணீர் தெளித்து, தீனித் துண்டுகளைப் புதைத்துவைத்தால் தோண்டும் ஆசை அங்கே தணியும். கடிக்கப் பெரிய பச்சைத் தொடை எலும்பு கொடுக்கலாம். வேகவைத்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். மக்காச்சோளக் கட்டையோ குடலை அடைத்துவிடும். இவை இரண்டும் ஆகா. கவனிப்பார் இல்லாத நேரத்தில் குழாய்ப் பக்கம் விடாமல் தடுப்பதும் அவசியம்.

அதட்டல் காதில் விழாத நாய்க்குக் கைதான் வாய். உள்ளங்கையைக் காட்டினால் 'நிறுத்து', கையை மார்புக்கு இழுத்தால் 'வா' என்று வீட்டார் அனைவரும் ஒரே சைகையைக் காட்ட வேண்டும். ஆளுக்கொரு சைகை காட்டினால் நாய் குழம்பும். சொன்னபடி செய்தவுடன் முட்டைத் துண்டு கொடுக்க வேண்டும். குழாயைக் கடித்து வெகுநேரம் கழித்து அடித்தால் எதற்கு அடி என்று அதற்குத் தெரியாது. பின்னாலிருந்து அடித்தாலோ, திடுக்கிட்டுக் கடிக்கும். கடித்த பிறகு நாயைக் குறை கூறிப் பயனில்லை. தூங்கும் நாயை அருகில் தரையை மிதித்து எழுப்ப வேண்டும். இரவில் டார்ச் விளக்கைச் சிமிட்டி அழைக்கலாம்.

காவலுக்கு இது உதவுமா என்று கேட்பார்கள். மோப்பமும் பார்வையும் குறைவதில்லை. காது கேட்கும் இன்னொரு நாய் குரைத்து ஓடினால் அதைப் பார்த்து இதுவும் ஓடும். சாலைப் பக்கம் மட்டும் அவிழ்த்துவிடக் கூடாது. டிராக்டர் வருவது அதற்குத் தெரியாது. கழுத்தில் ஒரு மணி கட்டினால் நாய் எங்கே நிற்கிறது என்பது ஆட்களுக்குத் தெரியும். பிறவிச் செவிடு வம்சத்தில் தொடரக்கூடியதாகையால், இதைக் குட்டிக்கு விடாமல் கருத்தடை செய்துவிட வேண்டும்.