மாத்தி மாட்றதுக்குள்ள...

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து நாலு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம், வீட்டுல அதைவிட அதிகம். :-)

போன வாரம் காலேஜ் நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். "மச்சி, கேமராவுக்கு ரெண்டாவது லென்ஸ் வாங்கிட்டேன். வெளிய போறப்ப படக்குனு மாத்தணும், எந்தப் பை வாங்கலாம்?"னு கேட்டான். அப்புறம் சொல்றேன்டான்னு வச்சுட்டேன். பையோட முடியற மேட்டர் இல்லை இது. எனக்கு அது தெரிய வந்த கதை கொஞ்சம் பெருசு. அதான் பதிவாவே போட்டுடறேன்.

முதல்ல நம்ம சொத்து விவரம். கேனான் 200டி ஒண்ணு, செகண்ட் ஹேண்ட். லென்ஸ் ரெண்டு. ஒண்ணு 55-250, தூரத்துல இருக்கற பறவைக்கு. 375 கிராம். இன்னொண்ணு 24 எம்எம். தட்டையா இருக்கறதால இதை 'பேன்கேக்'னு சொல்வாங்க, நம்ம ஊர் கணக்குல ஊத்தப்பம்னு வச்சுக்கலாம். 125 கிராம்தான். பக்கத்துல நிக்கற ஆளை, அவர் நிக்கற இடத்தோட சேர்த்து எடுக்க இதுதான் சரி.

2023 மார்ச்ல ஒரு ஞாயித்துக்கிழமை. தாத்தா அப்போ எங்களோட சேலையூர்ல இருந்தார். வயசு 84. பள்ளிக்கரணையில பூநாரை வந்திருக்குன்னு பேப்பர்ல பார்த்துட்டு, "அந்தக் காலத்துல வேளச்சேரி தாண்டினா வெறும் தண்ணிடா. அந்தப் பக்கம் எவ்வளவோ தரம் போயிருக்கேன், இந்தப் பட்சியை மட்டும் பார்த்ததே இல்லை"ன்னார். சரி வாங்க தாத்தான்னு கார்ல ஏத்திக்கிட்டு செம்பாக்கம், மேடவாக்கம் வழியா விட்டேன் வண்டியை. பல்லாவரம் - துரைப்பாக்கம் 200 அடி ரோட்டுல ஓரமா நிறுத்திட்டு, கம்பித் தடுப்புகிட்ட நின்னு பார்த்தோம்.

இந்தச் சதுப்பு நிலத்தைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. ஒரு பக்கம் பெருங்குடி குப்பைக் கிடங்கு, இன்னொரு பக்கம் ஐடி கம்பெனி கண்ணாடிக் கட்டடங்கள், நடுவுல தண்ணியும் கோரையும். 2022ல இதை ராம்சர் பட்டியல்ல சேர்த்தாங்க, 1,247 ஹெக்டேர் சொச்சம். இவ்வளவு கூத்துக்கு நடுவுலயும் பூநாரைங்க வந்து, தலையைக் கவுத்துப் போட்டு, அலகால சேத்துத் தண்ணியை வடிகட்டித் தின்னுக்கிட்டு நிக்கும்.

நான் 55-250ஐ மாட்டி, பின்னாடி இருக்கற திரையில பெருசாக்கித் தாத்தாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். ஒண்ணு ஒத்தைக் கால்ல நின்னு தூங்கிக்கிட்டிருந்தது. "அட, நம்மாலயும் முடியும்டா!"ன்னு சொல்லிட்டு, ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, ஒரு காலை மடக்கி நின்னுட்டார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேற.

நான் நின்னது அவருக்கு ஒண்ணரை மீட்டர் தூரத்துல. 55-250ல எவ்வளவு குறைச்சாலும் முகமும் தோளும்தான் வரும். கால் வராது. கால் இல்லாம அந்தப் படத்துல என்ன இருக்கு?

அப்புறம் என்ன, முதுகுல இருந்த பையை இறக்கினேன். ஜிப்பைத் திறந்தேன். ஊத்தப்பம் அடியில மாட்டிக்கிட்டிருந்தது. அதை எடுத்தா பின்மூடி இறுகிக் கிடக்கு. ஒரு கையில கேமரா, இன்னொரு கையில லென்ஸ், மூடியைக் கழட்ட மூணாவது கை இல்லை. ஒரு லாரி வேற புழுதியைக் கிளப்பிக்கிட்டுப் போச்சு. எல்லாம் முடிச்சு நிமிர்ந்து பார்த்தா, தாத்தா காலை இறக்கிட்டு மூச்சு வாங்கிக்கிட்டு கார் கதவைப் பிடிச்சு நிக்கறார்.

"எடுத்தியாடா?"

"எடுத்தேன் தாத்தா."

இன்னொரு தரம் நில்லுங்கன்னு கேட்டிருக்கலாம். அந்த மூச்சு வாங்கலைப் பார்த்ததும் கேக்க மனசு வரலை. அதனால ஒரு பொய். அப்புறம் ரெண்டு தரம் அந்தப் படத்தைக் காட்டச் சொன்னார். கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டறேன் தாத்தான்னு ரெண்டு தரமும் சொன்னேன். அந்த வருஷம் ஐப்பசியில அவர் போயிட்டார். அன்னைக்கு எடுத்ததுல என்கிட்ட பூநாரை படம் மட்டும் 143 இருக்கு.

சோகத்தை விடுங்க. பொட்டி தட்டறவன் புத்தி, பிரச்சினைன்னா உடனே 'எங்க லேட் ஆகுது'ன்னு பார்க்கத் தோணுமே! அடுத்த சில வாரம் உக்காந்து லென்ஸ் மாத்தப் பழகினேன். நான் கத்துக்கிட்டது இவ்வளவுதான்:

1. முதுகுப் பை வேலைக்கு ஆகாது. இடுப்புல தொங்கற சின்னப் பை போதும். அதுல ரெண்டு அறை, ஒண்ணு எப்பவும் காலியா இருக்கணும். எல்லாரும் தப்பு பண்றது இங்கதான். காலியா இருக்கேன்னு சார்ஜரையோ தண்ணி பாட்டிலையோ திணிச்சிடறோம். கழட்டின லென்ஸ் எங்க போகும்?

2. பையில இருக்கற லென்ஸ் தலைகீழா, பின்பக்கம் மேல பார்த்து நிக்கட்டும். பின்மூடியை முன்னாடியே தளர்த்தி வச்சுக்கணும். கேமராவுல இருக்கறதைக் கழட்டி அதே மாதிரி காலி அறையில வச்சுட்டு, அதுல இருக்கற மூடியை எடுத்து இதுக்குப் போட்டுட்டு, புதுசைத் தூக்கி மாட்டணும். ரெண்டு லென்ஸுக்கும் சேர்த்து ஒரே மூடி.

3. கழட்டறதுக்கு முன்னாடி கேமராவை ஆஃப் பண்ணிடுங்க. காத்துக்கு முதுகைக் காட்டி நின்னு, கேமராவோட வாய் தரையைப் பார்க்கற மாதிரி பிடிங்க. சென்சார் முன்னாடி தூசி விழுந்தா, எஃப் 2.8ல கண்ணுக்கே தெரியாது. எஃப் 16ல வானத்தை எடுத்தீங்கன்னா கரும்புள்ளியா வந்து நிக்கும். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுல இன்னும் கவனம் வேணும். பழைய கேனான் இஎஃப்ல லென்ஸ் உக்கார்ற வளையத்துக்கும் சென்சாருக்கும் 44 மில்லிமீட்டர், புது ஆர்எஃப்ல வெறும் 20. 2018ல வந்த இஓஎஸ் ஆர் மாதிரி சிலதுல, ஆஃப் பண்ணினா ஷட்டர் மூடிக்கும்.

4. கண்ணை மூடிக்கிட்டு மாட்டப் பழகுங்க. கரண்ட் போன ராத்திரியிலதான் நான் பழகினேன். கேனான் ஒரு பக்கம் திருகும், நிக்கான் அதுக்கு நேர் எதிர்ப் பக்கம். நண்பனோட கேமராவை வாங்கி கெத்து காட்டறப்ப ஞாபகம் இருக்கட்டும். :-)

முதல்ல 40 செகண்டுக்கு மேல ஆச்சு, இப்போ 9 செகண்ட். ஸ்டாப்வாட்ச் வச்சுப் பார்த்ததுதான்.

ஆனா பாருங்க, தாத்தா ஒத்தைக் கால்ல நின்னது அஞ்சு செகண்ட் இருக்கும். இந்த 9 செகண்ட் வித்தை அன்னைக்கே தெரிஞ்சிருந்தாலும் அந்தப் படம் கிடைச்சிருக்காது!

இங்கதான் நான் சொல்ல வந்த மேட்டரே இருக்கு. மாத்தற வேகத்தைப் பத்தியே பேசறோம். சும்மா இருக்கறப்ப கேமராவுல எது மாட்டியிருக்கணும்கறதை யாரும் பேசறதில்லை. பூநாரை அரை மணி நேரம் அதே இடத்துல நிக்கும். அதுக்கு லென்ஸ் மாத்த 9 செகண்ட் என்ன, 40 செகண்டே தாராளம். பக்கத்துல இருக்கற மனுஷன்தான் சொல்லாம கொள்ளாம சிரிப்பான், காலைத் தூக்குவான். ஆக, காத்திருக்கற விஷயத்துக்கான லென்ஸ் பையில இருக்கட்டும். காத்திருக்காத ஆளுக்கான லென்ஸ் கேமராவுல இருக்கட்டும். பறவை பார்த்து முடிச்சதும், திரும்பறதுக்கு முன்னாடியே சின்னதை மாட்டிடணும்.

இதுக்கு வரப்போற எதிர்ப்புகளையும் பார்த்துடலாம்.

"ரெண்டு கேமரா வச்சுக்கயேன்?" கல்யாண போட்டோகிராபருக்குச் சரி, அவருக்கு அது தொழில். தாத்தாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறவன் கழுத்துல ரெண்டு கேமரா தொங்கினா எந்தக் கையால பிடிக்கறது?

"டாம்ரான் 18-400 மாதிரி ஒரே லென்ஸ்?" 2017ல வந்தது. மாத்தவே வேண்டாம், உண்மைதான். ஆனா அது 700 கிராம் சொச்சம். ரெண்டு லென்ஸையும் சேர்த்தாலே என்னோடது 500 கிராம்தான். பெரிய லென்ஸ் மாட்டின கேமராவைத் தினம் வெளிய எடுத்துட்டுப் போக நம்ம சோம்பேறித்தனம் விடாது.

"போன்ல எடுத்திருக்கலாமே?" எடுத்திருக்கலாம். பாக்கெட்லயேதான் இருந்தது. கையில லென்ஸும் மூடியுமா முழிச்சுக்கிட்டிருந்தப்ப அது ஞாபகத்துக்கே வரலை. அவ்வ்வ்வ்!

போன் பின்னாடி இருக்கற மூணு கண்ணும் புது ஐடியா இல்லை. 1937ல வந்த அரிஃப்ளெக்ஸ் 35 சினிமா கேமரா முகப்புல ஒரு சுழல்தட்டு, அதுல மூணு லென்ஸ். தட்டைத் திருப்பினா அடுத்த லென்ஸ் ரெடி. ஜூம் லென்ஸ் பரவறதுக்கு முன்னாடியே இந்த அவசரம் இருந்திருக்கு. ஆனா அதுலயும் ஒரு நேரத்துல ஃபிலிம் முன்னாடி நிக்கறது ஒரே ஒரு லென்ஸ்தான். எது நிக்கணும்னு ஆள்தான் முடிவு பண்ணணும்.

அந்த முடிவைக் கிளம்பறப்பவே எடுத்தவர் ஒருத்தர் நம்ம ஊர்லயே இருந்தார். மா. கிருஷ்ணன் (1912 - 1996). 1950லேருந்து சாகற வரைக்கும் ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகையில இயற்கை பத்தித் தொடர் எழுதினவர், தமிழ்லயும் எழுதினவர். கறுப்பு வெள்ளையிலதான் காட்டு விலங்குகளைப் படம் எடுத்தார். வெவ்வேறு கருவிகளோட பாகங்களை இணைச்சு அவரே ஒரு கேமரா பண்ணிக்கிட்டார், பேரு 'சூப்பர் பாண்டரோசா'. அந்தப் பாரத்தைத் தூக்கிக்கிட்டுத்தான் காட்டுல யானை எடுத்தார். யானைக்காகக் கிளம்பினவருக்கு யானைக்கான கேமரா. கணக்கு நேர்.

என் கணக்குதான் இடிச்சது. அன்னைக்கு நான் கிளம்பினது தாத்தாவுக்குப் பூநாரை காட்டறதுக்கு. கேமராவுல மாட்டியிருந்ததோ பூநாரைக்கான லென்ஸ்.

இப்போ வீட்டுல பாட்டி இருக்காங்க. போன மாசம் மேற்கு தாம்பரம் சண்முகம் ரோட்டு மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துட்டுக் கடைக்காரர்கிட்ட, "இதைச் சாம்பார்ல போடறதா, அடுப்புல வைக்கறதா?"ன்னு ஒரு போடு போட்டாங்க. அவர் வாய்விட்டுச் சிரிச்சார். ரெண்டு பேரும், முருங்கைக்காயும், தராசும் ஒரே படத்துல. ஊத்தப்பம் மாட்டியிருந்தது. அன்னைக்கு ராத்திரியே பாட்டிக்குக் காட்டிட்டேன்.

நண்பனுக்குப் பதில்: எந்தப் பை வேணா வாங்கு மச்சி, ஒரு அறையைக் காலியா விடு.

மத்தவங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்க பீரோவுல தூங்கற கேமராவுல இப்போ எந்த லென்ஸ் மாட்டியிருக்குன்னு போய்ப் பார்த்துட்டு வாங்க. பெருசா இருந்தா, கழட்டிட்டுச் சின்னதை மாட்டி வைங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டுப் புது லென்ஸ் வாங்கணும்னு தோணி, வீட்டுல தங்கமணிகிட்ட திட்டு வாங்கினா கம்பெனி பொறுப்பல்ல. :-)