நடுவில் நிற்பவள்



ஒக்டோபர் 1ஆம் திகதி நமது நாட்டில் இரண்டு தினங்கள் சேர்ந்து வருகின்றன. சிறுவர் தினமும் அன்றுதான், முதியோர் தினமும் அன்றுதான். முதியோருக்கென ஒரு நாள் வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 1990இல் தீர்மானித்தது. 1991 முதல் அது அனுஷ்டிக்கப்பட்டு வருகிறது. அன்றைக்குப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு இனிப்பும் விளையாட்டும். முதியோர் சங்கத்தில் பெரியவர்களுக்கு ஒரு பொதியும் நாலு பேச்சும். நாள் ஒன்றுதான், மண்டபங்கள் இரண்டு. உம்மும்மாவும் பேத்தியும் ஒரே வாசலால் புறப்பட்டு இரண்டு பக்கமாகப் போய்வருகிறார்கள்.

ஒழுங்கு செய்தவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. நம் வீட்டுக்குள்ளேயே அதுதானே நடக்கிறது!

உம்மும்மா, மூத்தம்மா, வாப்பும்மா, பெத்தும்மா என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். நான் உம்மும்மா என்றே எழுதிக்கொண்டு போகிறேன். நீங்கள் உங்கள் வீட்டுப் பெயரைப் போட்டு வாசித்துக்கொள்ளுங்கள்.

கிழக்கில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டைக் கொடுப்பது வழக்கம். (அது சரியா பிழையா என்பது வேறு கதை, இன்னொரு மாதம் பேசலாம்.) கொடுத்த பிறகு பல பெற்றோர் அதே வளவில் ஒரு சின்ன வீட்டையோ பின்னறையையோ கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். குசினி ஜன்னலைத் திறந்தால் உம்மும்மாவின் இருமல் கேட்கும். தூரம் பத்து அடி. அந்தப் பத்து அடியைப் பேரப்பிள்ளை எத்தனை நாளைக்கு ஒரு தடவை தாண்டுகிறான் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். காலையில் பாடசாலை, பின்னேரம் குர்ஆன் மத்ரஸா, அதன் பிறகு டியூஷன், இரவில் கைத்தொலைபேசி. கிழவிக்கோ காலையில் மருந்து, பகலில் தூக்கம், இரவில் தூக்கமின்மை. இரண்டு பேருடைய மணிக்கூடும் ஒன்றையொன்று தொடுவதேயில்லை.

இதற்குப் பிள்ளைகளைத்தான் எல்லோரும் ஏசுகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை இல்லை, போனை விட்டால் வேறு உலகம் இல்லை என்று. நான் பார்த்த அளவில் போனை விடப் பெரிய சுவர் ஒன்று இருக்கிறது. அது நாம்தான், சகோதரிகளே. உம்மாவுக்கு மகளாகவும் பிள்ளைக்கு உம்மாவாகவும் நடுவில் நிற்கிறோமே, நாம்தான்.

"மகன், உம்மும்மா படுத்திருக்கிறாங்க, சத்தம் போடாதீங்க" என்கிறோம். அங்கே போய், "பிள்ளைக்குச் சோதனை வருது உம்மா, இப்ப கூப்பிடாதீங்க" என்கிறோம். உம்மா ஏதாவது கேட்டால் பிள்ளைக்கு முந்தி நாம் பதில் சொல்கிறோம். பிள்ளை ஏதாவது கேட்டால் உம்மாவுக்கு முந்தி நாம் விளக்குகிறோம். இரண்டு பக்கத்துக்கும் இரக்கப்பட்டுத்தான் செய்கிறோம். ஆனால் அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேச வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகிறது.

பிறகு ஒரு நாள் மனம் உறுத்தும். "போய் உம்மும்மாவோட கொஞ்சம் இருங்க மகள்" என்று பிள்ளையை அனுப்பி வைப்போம். பிள்ளை போய் ஆஸ்பத்திரியில் நோயாளி பார்க்க வந்தவளைப் போலக் கட்டில் ஓரத்தில் குந்துவாள். "சுகமா உம்மும்மா?" "சுகம் மகள். சாப்பிட்டீங்களா?" "ஓம்." அத்துடன் கதை முடிந்துவிடும். பத்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடுவாள். அவளில் பிழையில்லை. வேலையில்லாத இடத்தில் எந்தப் பிள்ளை இருக்கும்? இருவர் கைக்கும் நடுவில் ஒரு வேலை வேண்டும். அதுவும் ஒருவர் இல்லாமல் மற்றவரால் செய்ய முடியாத வேலையாக இருந்தால் மிகவும் நல்லது.

அப்படியொரு வேலை நம் வீட்டு அலுமாரிகளில் கிடக்கிறது. அரபுத் தமிழ் கிதாபுகளைத்தான் சொல்கிறேன். தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை அது. அரபியில் இல்லாத ப, ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்காக, அரபு எழுத்துகளிலேயே மேலதிகப் புள்ளிகளும் குறிகளும் இட்டுப் புதிய எழுத்துகளை நம் முன்னோர் ஆக்கிக்கொண்டார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816-1898) எழுதிய பத்ஹுத் தய்யான் போன்ற மார்க்கச் சட்ட நூல்கள் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இப்படித்தான் வாசிக்கப்பட்டன. பள்ளிக்கூடத்துக்கே போகாத, தமிழ் எழுத்துத் தெரியாத எத்தனையோ பெண்கள் இந்த எழுத்தில் சரளமாக வாசித்தார்கள். அவர்களைப் படிப்பறிவில்லாதவர்கள் என்று கணக்கில் எழுதியவர்கள்தான் விஷயம் தெரியாதவர்கள்.

இன்று இந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகவும் வயதான சிலர் மட்டுமே. அவர்களுக்குக் கண் மங்கிவிட்டது. பேத்திக்குக் கண் கூர்மை. குர்ஆன் ஓதி முடித்தவள் என்றால் எழுத்தும் பெரும்பாலும் தெரியும். அந்த மேலதிகப் புள்ளிகள்தான் புதிது, ஒரு பின்னேரத்தில் பழகிவிடலாம். அவளுக்குத் தெரியாதது சொல். அவள் எழுத்துக் கூட்டி ஒலிப்பாள். அது என்ன சொல் என்று அவளுக்கே விளங்காது. கட்டிலில் இருந்து உம்மும்மா அந்தச் சொல்லைப் பிடித்து முழுசாகச் சொல்வார், பொருளும் சொல்வார். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படி ஒரு பக்கத்தைக் கடக்க மூன்று பின்னேரம் எடுத்தது. அவசரம் என்ன? மூன்றாம் நாள் பேத்தி ஒரு வரியைத் தானாகவே வாசித்து, பொருளையும் தானாகவே சொல்லிவிட்டாளாம். கிழவிக்குச் சந்தோஷம் பாதி, தன் வேலை போய்விட்டதே என்ற கவலை பாதி!

கிதாபு எல்லா வீட்டிலும் இராது. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன வீடுகளில் கடதாசி என்று ஒன்றுமே மிஞ்சவில்லை. வடக்கிலிருந்து வந்தவர்கள் அதற்கும் முந்தியே எல்லாவற்றையும் விட்டுவந்தவர்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் பணித்தார்கள். அன்று நாற்பது வயதில் இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டியவர். புத்தளத்தில் பிறந்த பேரப்பிள்ளைக்கு யாழ்ப்பாணம் என்பது வீட்டில் அடிக்கடி கேட்கும் ஒரு சொல், அவ்வளவுதான். அந்த வீடுகளுக்கு நான் சொல்லும் வேலை, தெரு வரைவது. பெரிய கடதாசி ஒன்றை விரித்து, சோனகத் தெருவோ, மன்னாரோ, முல்லைத்தீவோ, எந்த ஊரோ, பெரியவர் சொல்லச் சொல்லப் பிள்ளை வரையட்டும். பள்ளிவாசல் எங்கே, கிணறு எங்கே, அடுத்த வீட்டில் யார், பாடசாலைக்கு எந்த ஒழுங்கையால் போனீர்கள்? பிள்ளை பிழையாகக் கோடு போட்டால் பெரியவர் பென்சிலைப் பறித்துத் தானே கீறத் தொடங்குவார், பாருங்கள். 2009க்குப் பிறகு காணி தேடிப் போனவர்களுக்குத் தெரியும், பற்றை மண்டிய இடத்தில் எல்லையைக் காட்டப் பெரியவர்களின் ஞாபகம் எவ்வளவு தேவைப்பட்டது என்று. ஆனால் ஒன்று. சிலர் அந்த நாளைப் பற்றிப் பேச மாட்டார்கள். தெருவைச் சொல்வார்கள், கிணற்றைச் சொல்வார்கள், புறப்பட்ட அந்த நாளைச் சொல்ல மாட்டார்கள். பிள்ளை அங்கே துருவக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மறுபக்கமாகவும் வேலை உண்டு. கட்டாரில் இருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேச உம்மும்மாவுக்குப் போன் பழக்க வேண்டும். நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? "இங்க தாங்க" என்று பறித்து, தானே அழுத்தி, தானே கொடுக்கிறார்கள். அதில் அவர் ஒன்றும் பழகுவதில்லை, தான் ஒன்றுக்கும் ஆகாதவள் என்பதைத் தவிர. பிள்ளையின் கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், அழுத்துவது அவர் விரலாக இருக்கட்டும். பத்துத் தடவை பிழைக்கும். காது மந்தமானவருக்குக் கத்திச் சொல்வதாலும் பயனில்லை. கத்தினால் சொல் உடைந்துதான் கேட்கும். முகத்துக்கு நேரே, வெளிச்சத்தில் இருந்து, நிதானமாகப் பேசச் சொல்லுங்கள். வாய் அசைவைப் பார்த்தே பாதியை விளங்கிக்கொள்வார்கள். இதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காமல், கேட்காததற்குச் சிரிக்கிறான் என்று ஏசுவது நியாயமில்லை.

பெரியவர்களிடமும் பிழை உண்டு, மறைக்கத் தேவையில்லை. பேத்தி வந்து இருந்ததுமே "என்ன இப்படிக் கறுத்துப் போனீங்க?" என்பது, மாமி மகளின் பெறுபேற்றை எடுத்துச் சொல்வது, பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கலியாணக் கதை தொடங்குவது. ஒரு தடவை குத்துப்பட்ட பிள்ளை மறுநாள் வராது. இங்கேதான் நடுவில் நிற்பவள் தேவை. பிள்ளை இல்லாத நேரம் பார்த்து, "உம்மா, நிறத்தைப் பற்றிச் சொல்லாதீங்க, அவ அழுறா" என்று பக்குவமாகச் சொல்ல நம்மால்தான் முடியும். பிள்ளையின் முன்னால் சொன்னால் இரண்டு பேரையும் இழப்போம்.

வெளிநாட்டில் வேலை செய்யும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையை வளர்ப்பதே உம்மும்மாதான். அங்கே உறவு குறையவில்லை, கிழவியின் உடம்புதான் குறைகிறது. நேற்று வரை மடியில் கிடந்த பையன் இப்போது எதிர்த்துப் பேசுகிறான். அந்த நேரத்தில் நீங்கள் போனில் வந்து, பிள்ளை கேட்க, "ஏன் உம்மா அவனை வெளியே விட்டீங்க?" என்று கேட்டால், மிச்சமிருக்கும் அவருடைய சொல்லுக்கும் மதிப்பில்லாமல் போகும். கேட்க வேண்டியதைத் தனியாகக் கேளுங்கள். பையன் முன்னால் எப்போதும் "உம்மும்மா சொன்னால் சரி" என்பதே உங்கள் பேச்சாக இருக்கட்டும்.

நெதர்லாந்தில் டெவெண்டர் என்ற நகரத்தில் ஒரு முதியோர் இல்லம். 2012 முதல் அங்கே பல்கலைக்கழக மாணவர் சிலருக்கு வாடகையில்லாமல் அறை கொடுத்திருக்கிறார்கள். வாடகைக்குப் பதிலாக அவர்கள் மாதம் 30 மணித்தியாலம் அங்குள்ள முதியோருக்கு நல்ல அயலவராக இருக்க வேண்டும். மருந்து கொடுப்பதோ குளிப்பாட்டுவதோ அவர்கள் வேலையல்ல. கூட இருந்து சாப்பிடுவது, கணினி பழக்குவது, கதைப்பது. வாடகை எழுதி உறவு வாங்கும் நிலை என்று நாம் சிரிக்கலாம். ஆனால் 30 மணித்தியாலம் என்பது நாளுக்கு ஒரு மணித்தியாலம். வாடகையே கேட்காத வீட்டில் நம் பிள்ளைகள் உம்மும்மாவுக்குக் கொடுப்பது எவ்வளவு? நம் நாட்டிலும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கைவிட்ட பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணத்தை அது பெற்றுத் தரும். பேரனின் ஒரு பின்னேரத்தை எந்தச் சட்டமும் பெற்றுத் தராது.

கிதாபும் இல்லை, வரைய ஊரும் இல்லை என்பவர்கள் பழைய படப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். கலியாணப் படம், ஹஜ்ஜுக்குப் போன படம், அடையாள அட்டைக்குப் பிடித்த படம், எதுவென்றாலும் சரி. படத்தில் யார் யார் என்று உம்மும்மா சொல்லட்டும், பேரப்பிள்ளை பின்பக்கத்தில் எழுதட்டும். பேனையால் வேண்டாம், மை ஊறி முகத்தில் தெரியும். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், ஓரமாகப் பெயரும் உறவுமுறையும் எழுதினால் போதும். பெயர் மறந்த முகம் வந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். இரவில் எப்படியும் ஞாபகம் வரும், விடியற்காலையில் அவராகவே பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்வார். அந்த நேரத்தில் நீங்கள் குசினியை விட்டு வெளியே வராதீர்கள்.