கார் ரோபோ பொம்மை: மாற்றுவது யார் கை?



ஸ்போர்ட்ஸ் கார் ரோபோவாக மாறும் பொம்மையைப் பிள்ளைக்கு வாங்கித் தரலாமா என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டீர்கள். ஒருவர், "மூளை வளருமா டீச்சர்?" என்கிறார். இன்னொருவர், "ரெண்டே நாள்ல உடைச்சிடுவான், காசு தண்டம்" என்கிறார். மூன்றாமவர், "எங்க வீட்டுல பொண்ணுதானே, அவளுக்கு எதுக்கு இது?" என்கிறார். மூவருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் கையால் மடக்கி மாற்றுகிற பொம்மையாகப் பார்த்து வாங்குங்கள். பட்டனை அமுக்கினால் தானே மாறுவது வேண்டாம். வாங்கிக் கொடுத்த பிறகு நீங்கள் அதைத் தொடாதீர்கள்.

இந்தப் பொம்மையின் பூர்வீகம் ஜப்பான். 1980இல் டக்காரா நிறுவனம் டயாக்ளோன் என்ற பொம்மை வரிசையைத் தொடங்கியது. அதில் பின்னால் வந்த கார்கள் நிஜக் காரில் அறுபதில் ஒரு பங்கு அளவு. உள்ளே உட்கார ஒரு குட்டி டிரைவர் பொம்மையும் உண்டு. அதையும், அதே நிறுவனத்தின் மைக்ரோ சேஞ்ச் வரிசையையும் சேர்த்து அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று விற்கத் தொடங்கியது. டிரைவர் காணாமல் போனார், ரோபோவுக்கே உயிரும் பெயரும் வந்தன. முதல் வருடம் வந்த சைட்ஸ்வைப் ஒரு சிவப்பு லம்போர்கினி கவுன்டாச். உங்கள் பிள்ளைகள் உயிரை விடும் பம்பிள்பீ அப்போது ஒரு குட்டி ஃபோக்ஸ்வேகன் பீட்டில். 2007இல் வந்த படத்தில்தான் அது செவர்லே கமாரோ ஆனது. எத்தனையோ பொம்மைகள் ஒரு தீபாவளிக்கு வந்து அடுத்த தீபாவளிக்குக் காணாமல் போகின்றன. இது நாற்பது வருடம் தாண்டியும் நிற்கிறது. காருக்கும் ரோபோவுக்கும் நடுவில் பிள்ளையின் கைக்கு வேலை இருக்கிறது, அதனால்தான் என்று நினைக்கிறேன்.

எட்டு வயதுப் பேத்தியிடம் இப்போது இப்படி ஒரு சிவப்புக் கார் இருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம். விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா? மதிப்பெண் போட்டுவிட்டேன்.

காராக: 20க்கு 16. நான்கு சக்கரமும் தரையில் படுகிறது, நேராக ஓடுகிறது. கூரையில் மட்டும் மூட்டுக் கோடுகள் நிறையத் தெரிகின்றன.

ரோபோவாக: 20க்கு 12. பானெட் மார்பாகிறது, கதவுகள் முதுகில் இறக்கை மாதிரி நிற்கின்றன. அந்தப் பாரத்தால் பின்பக்கம் சாய்கிறது. காலைக் கொஞ்சம் அகட்டி வைத்தால்தான் நிற்கும்.

மாற்றம்: 30க்கு 26. படத்தாளில் 14 படிகள். முதல் நாள் அரை மணி நேரம் திணறினாள். ஒரு வாரத்தில் டி.வி. பார்த்துக்கொண்டே செய்கிறாள். தாளில் ஒன்பதாவது படம் குழப்பமாக இருப்பதற்கு நான்கு மதிப்பெண் குறைத்தேன்.

உறுதி: 20க்கு 11. தோளில் பந்து மூட்டு. இழுத்தால் கழன்றுவிடும், அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். அது நல்ல அமைப்பு. முழங்காலில் மெல்லிய பிளாஸ்டிக் கீல், மடிப்பில் இப்போதே வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. பிளாஸ்டிக் வெளுத்த இடம்தான் பிறகு முறியும்.

பாதுகாப்பு: 10க்கு 10. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது, கூர்முனை இல்லை, பேட்டரி இல்லை.

மொத்தம் 75. பாஸ்!

இதில் மாற்றத்துக்கு மட்டும் ஏன் 30 என்று கேட்பீர்கள். ஆசிரியர் பயிற்சியில் பியாஜே பாடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஏறக்குறைய ஏழு வயதிலிருந்து பதினொன்று வரை பிள்ளையின் மனம், ஒரு செயலை முன்னால் கொண்டுபோய், அதே வழியில் பின்னால் திரும்பி வரக் கற்கிறது. கூட்டலைக் கழித்தலால் சரிபார்க்கச் சொல்லிக் கொடுப்பது இந்தத் திறனை நம்பித்தான். காரை ரோபோவாக்குவது 14 படி ஏறுவது. ரோபோவைக் காராக்குவது அதே 14 படி தலைகீழாக இறங்குவது. பேத்திக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. அந்தக் கஷ்டம்தான் பாடம்.

இன்னொன்று. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிள்ளையின் தப்பைப் பொருளே காட்டிக் கொடுக்க வேண்டும், டீச்சர் குறுக்கே வரக் கூடாது என்பது அவர் முறை. இந்தக் காரில் அது அப்படியே இருக்கிறது. கையைச் சரியாக மடக்காவிட்டால் பானெட் மூடாது. யாரும் "தப்பு" என்று சொல்ல வேண்டியதில்லை.

பட்டன் பொம்மையில் இது எதுவும் இல்லை. விளக்கு எரிகிறது, பாட்டுப் பாடுகிறது, தானே எழுந்து நிற்கிறது. வேலை முழுவதும் மோட்டாருக்கு, கைதட்டுவது மட்டும் பிள்ளைக்கு. பத்து தடவை பார்த்த பிறகு அலுத்துவிடும். அலுக்காமல் என்ன செய்யும்?

ஆனால் கையால் மாற்றும் பொம்மையையும் நாமே பட்டன் பொம்மை ஆக்கிவிடுகிறோம். எப்படி என்கிறீர்களா? "குடு, நான் பண்ணித் தரேன்" என்று அப்பா வாங்கி இரண்டு நிமிடத்தில் மாற்றிக் கொடுக்கிறாரே, அப்போது பட்டன் அப்பாதான். "உடைச்சிடாதே, விலை தெரியுமா?" என்று அம்மா ஷோகேஸில் ஏற்றிவிட்டால் அந்தப் பட்டனும் இல்லை. ஐந்து நிமிடம் திணறும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது பெரியவர்களுக்குக் கடினம்தான், எனக்குத் தெரியும். முப்பது, நாற்பது பிள்ளைகளோடு வகுப்பில் இருந்தவள் சொல்கிறேன்: பதில் சொல்லிக் கொடுத்த பிள்ளை பதிலைத்தான் கற்கும். திணறிக் கண்டுபிடித்த பிள்ளை, தன்னால் முடியும் என்பதையும் சேர்த்துக் கற்கும்.

உடைந்தால்? எந்த இடத்தில் உடைந்தது என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். மாற்றும்போது முறிந்திருந்தால் திட்டாதீர்கள். மெல்லிய கீல் போட்டவனின் தப்புக்கு ஆறு வயதுப் பிள்ளை அடி வாங்குவது நியாயமா? அடி வாங்கிய பிள்ளை அடுத்த பொருளைப் பிரித்துப் பார்க்கவே பயப்படும். வண்டி, மோட்டார், மிக்ஸி என்று எதைப் பழுது பார்க்கிறவரும் முதலில் எதையோ உடைத்துத்தான் வந்திருப்பார்.

"பொண்ணுக்கு எதுக்கு?" என்று கேட்டவருக்கு என் பேத்தியே பதில். மடிப்பு, கோணம், வரிசை இவையெல்லாம் பெண் பிள்ளை என்றால் புரியாதா? கோலத்தில் புள்ளி எண்ணிக் கோடு இழுக்கும் கைக்கு இது என்ன பிரமாதம்! உங்கள் மகளுக்கும் வாங்கிக் கொடுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சண்டே மார்க்கெட்டில் வாங்கினாலும் பெரிய கடையில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் முத்திரையைப் பாருங்கள். அட்டையில் போட்டிருக்கும் வயதையும் பாருங்கள். அது கெட்டிக்காரத்தனத்துக்கான வயது என்று நினைத்து, "எங்க பாப்பா ரொம்ப சூட்டி" என்று இரண்டு வயதுக்கு வாங்காதீர்கள். தொண்டையில் சிக்கும் சிறு பாகங்கள் இருப்பதால்தான் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேண்டாம் என்கிறார்கள். சுமார் 32 மில்லிமீட்டர் அகலக் குழாய்க்குள் அடங்கும் பாகம் எதுவும் அந்த வயதுக்கு ஆபத்து. பேட்டரி உள்ளதாக இருந்தால் அதன் மூடி திருகாணி போட்டு இறுக்கியிருக்க வேண்டும். பட்டன் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துவிடும்.

விலையும் ஒரு விஷயம். இறக்குமதிப் பொம்மைக்கான சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. கடன் வாங்கி எந்தப் பொம்மையும் வாங்க வேண்டாம். பழைய நோட்டுத் தாளில் கப்பல் செய்து, அதையே கத்திக் கப்பலாக மாற்றக் கற்றுக் கொடுங்கள். அதுவும் ஒன்று இன்னொன்றாக மாறுவதுதான், பிள்ளையின் கைதான் மாற்றுகிறது. நூறு தடவை கிழிந்தாலும் செலவில்லை.

ஏற்கெனவே வாங்கி ஷோகேஸில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே கீழே இறக்கிக் கொடுங்கள். பிள்ளை தானாக மாற்ற எத்தனை நாள் ஆயிற்று என்று கமெண்ட்டில் எழுதுங்கள். படித்துப் பார்த்து மார்க் போடுகிறேன், பிள்ளைகளுக்கு இல்லை, குறுக்கே போகாமல் இருந்த உங்களுக்கு!

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.