பெரிய தலை மனிதன் வருவானா?



சென்ற மாத இதழில் பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவர் "கி.பி. 3000-இல் மனிதன்" என்று ஒரு படம் வரைந்து ஒட்டியிருந்தார். பூசணிக்காய் மாதிரி தலை. தலையில் ஒரு முடி இல்லை. கை கால் எல்லாம் குச்சி. செல்போனைத் தேய்த்துத் தேய்த்துக் கட்டை விரல் மட்டும் நீளம். படம் ரொம்ப நன்றாக இருந்தது, நானே மூன்று தடவை போய்ப் பார்த்தேன். ஆனால் படத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்த கருத்து தவறு என்பது என் எண்ணம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

செல்போனைத் தேய்த்தால் தேய்த்தவருக்குத்தான் விரல் வலிக்கும். அவருக்குப் பிறக்கும் பிள்ளைக்கு விரல் நீளாது. நாம் வாழும்போது உடம்பில் நாமே செய்துகொள்ளும் மாற்றம் பிள்ளைக்குப் போவதில்லை. வைஸ்மான் என்ற ஜெர்மன் விஞ்ஞானி தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார். குட்டிகள் வாலோடுதான் பிறந்தன. அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊரில் எத்தனை நூறு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் காது குத்துகிறோம்! காதில் ஓட்டையோடு ஒரு பாப்பாவாவது பிறந்திருக்கிறதா? ஒவ்வொரு தடவையும் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்தத்தானே வேண்டியிருக்கு. (தாய்மாமனைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.)

அப்படியானால் மனிதன் இனி மாறவே மாட்டானா? மாறுவான். ஆனால் எப்படி மாறுவான் என்பதுதான் கேள்வி.

1859-இல் டார்வின் தன் புத்தகத்தில் சொன்னது இதுதான். பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. எது பிழைத்து வளர்ந்து தானும் பிள்ளை பெறுகிறதோ அதனுடைய குணம் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. மற்றது நின்றுவிடுகிறது. நம் தமிழ்நாட்டிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. நீலகிரி மலையில் வாழும் பழங்குடி மக்கள் சிலரிடம் அரிவாள் மாதிரி வளைந்த ரத்த அணு இருப்பதை 1952-இல் கண்டுபிடித்தார்கள். இந்தியாவிலேயே முதலில் கண்டது அங்கேதான். அந்த மரபணு அம்மா, அப்பா இரண்டு பேரில் ஒருவரிடம் இருந்து மட்டும் வந்தால் மலேரியா அவ்வளவாகக் கொல்லாது. இரண்டு பேரிடம் இருந்தும் வந்தால் கடுமையான ரத்த நோய். கொசு நிறைந்த காட்டில் அந்த மரபணு ஏன் நிலைத்தது என்று புரிகிறது அல்லவா?

இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை, பயமாக இருந்தது. "தக்கது தழைக்கும்" என்று ஒரு மதிப்பெண் கேள்விக்கு எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். தழைக்காதது என்ன ஆகும்? அது ஒரு பாப்பா. செத்துப் போகும். எங்கள் ஆயாவுக்குப் பிறந்தது ஒன்பது, நின்றது ஐந்து. பரிணாமம் என்றால் அந்த நாலு பேரும் சேர்த்துத்தான்.

இப்போது அப்படி இல்லை. தடுப்பூசி வந்தது, ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது, 108 வந்தது. 2020-ஆம் வருடக் கணக்குப்படி தமிழ்நாட்டில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பது 13. அதனால் சில பேர், பரிணாமம் நின்றுவிட்டது என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முன்பு சாவு பொறுக்கி எடுத்தது. இப்போது யார் யாரைக் கட்டுவது, எத்தனை பெற்றுக்கொள்வது, எந்தக் குழந்தையை வேண்டாம் என்பது, இதெல்லாம்தான் பொறுக்கி எடுக்கிறது. ஆய்வுக்கூடத்தில் மரபணுவைத் திருத்திய குழந்தைகள் வரப்போகிறார்கள் என்கிறார்கள். 2018-இல் சீனாவில் ஒரு விஞ்ஞானி அப்படி இரட்டைக் குழந்தைகளை உருவாக்கிவிட்டு அடுத்த வருடமே சிறைத் தண்டனை வாங்கினார். அது பெரிய இடத்து விஷயம். பெண்ணாடத்தில் நமக்கு வருகிற மாற்றம் கல்யாணப் பேச்சு வழியாகத்தான் வருகிறது.

இப்போது தாய்மாமனுக்கு வருகிறேன்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் சொந்தத்தில் கல்யாணம் ஆனவர்கள் என்று இருக்கிறது. மாமன் மகன், அத்தை மகன், சில வீட்டில் தாய்மாமனே. எங்கள் வீட்டிலும் அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன்தான். ஆயாவிடம் கேட்டால் காரணம் நன்றாகவே சொல்லும். "அசல்ல குடுத்தா பொண்ணு அழுதாக்கூட நமக்குச் சேதி வராது. சொந்தத்துல குடுத்தா மாமியாரே அத்தை, அடிக்கக் கை ஓங்குவாளா?" நகை பேரம் குறையும், நிலம் பிரியாது, வயசான காலத்தில் பக்கத்தில் இருப்பாள். இவையெல்லாம் பொய்யில்லை. சும்மா மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்களுக்குப் பெண் பிள்ளையை வெளியே அனுப்புகிற பயம் தெரியாது என்று நினைக்கிறேன்.

ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. நம் எல்லோரிடமும் குறையுள்ள மரபணு கொஞ்சம் ஒளிந்திருக்கும். ஜோடியில் ஒன்று நல்லதாக இருந்தால் வெளியே தெரியாது. அதே குறை இரண்டு பக்கமும் இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அசலில் கட்டினால் இரண்டு பேரிடமும் ஒரே குறை இருப்பது அபூர்வம். மாமன் பிள்ளை, அத்தை பிள்ளை என்றால் அவர்கள் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் நாலில் ஒரு பங்கு பொது. சாதாரணமாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை வரும் என்றால், மாமன் பிள்ளை அத்தை பிள்ளை கட்டினால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும்.

"அப்போ நீ நல்லாத்தானே இருக்க?" என்று கேட்பீர்கள். இருக்கிறேன். நூறில் தொண்ணூறுக்கு மேல் நன்றாகத்தான் பிறக்கும். அதனால்தான் இந்தப் பழக்கம் இத்தனை காலம் நின்றது. பஸ் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு விருத்தாசலம் போகிறவர்களும் தினமும் நல்லபடியாகத்தான் போய்ச் சேருகிறார்கள்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பாப்பா இருக்கிறது. தாய்மாமனைக் கட்டிய அக்காவின் பிள்ளை. பிறந்ததில் இருந்து காது கேட்காது. கெட்டிக்காரப் பாப்பா, கையாலேயே எல்லாம் பேசும், என்னைவிட நன்றாகக் கோலம் போடும். அந்தப் பாப்பா பிறந்திருக்கக் கூடாது என்று யாராவது என் கட்டுரையைப் படித்துவிட்டுச் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். நான் சொல்வது பாப்பாவைப் பற்றி இல்லை. அந்த அக்காவிடம் பதினெட்டு வயதில் யாரும் ஒரு வார்த்தை இந்தக் கணக்கைச் சொல்லவில்லை என்பதுதான். காரணம் சொந்தத்தில் கட்டியதுதான் என்று ஒரு பிள்ளையை மட்டும் பார்த்துச் சொல்லிவிடவும் முடியாது. ஆனாலும் ஊரில் எல்லோரும் அந்த அக்காவின் ஜாதகத்தைத்தான் குறை சொல்கிறார்கள். மாமாவுக்கு ஜாதகம் இல்லையா?

ஆயா ஆடு வளர்க்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கிடாவை வித்துவிட்டு வேற ஊர்க் கிடா வாங்கும். ஏன் ஆயா என்றால், "அதே கிடாவ வச்சிருந்தா குட்டி சவலையாப் போவும்" என்று சொல்லும். ஆட்டுக்குத் தெரிந்த நியாயம்! கரும்புக்கும் தெரியும். நம் ஊரைச் சுற்றிக் கரும்பு போடுகிறோமே, 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்கு நிலையம் தொடங்கி, பார்பர் என்பவரும் வெங்கட்ராமன் என்பவரும் இனிப்புக் கரும்பைக் காட்டு நாணலோடு கலந்துதான் கோ 205 என்ற ரகத்தை 1918-இல் கொண்டுவந்தார்கள். இனிப்பு ஒரு பக்கம், தாங்கும் சக்தி ஒரு பக்கம்.

டார்வின் கதை இன்னும் வேடிக்கை. அவரே 1839-இல் கட்டியது தன் மாமன் மகள் எம்மாவை. பத்துப் பிள்ளைகளில் மூன்று சின்ன வயதிலேயே இறந்துவிட்டது. தன்னால்தானோ என்று அவருக்குக் கவலை. பதினோரு வருஷம் செடிகளை வைத்துச் சோதனை செய்தார். ஒரே செடியின் மகரந்தத்தில் வந்த கன்றுகளைவிட வேறு செடியின் மகரந்தத்தில் வந்த கன்றுகள் பெரும்பாலும் உயரமாக, வலுவாக வளர்ந்தன. 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "நீங்கள் சொந்தத்தில் மணந்தவரா?" என்று ஒரு கேள்வி சேர்க்கச் சொன்னார். இங்கிலாந்து நாடாளுமன்றம் முடியாது என்றுவிட்டது. ஸ்பெயின் நாட்டு அரசர் நான்காம் பிலிப் தன் தங்கை மகளையே கட்டினார். அதற்கு முன்னால் பல தலைமுறையும் அந்தக் குடும்பத்தில் அப்படித்தான். அவர் மகன் இரண்டாம் சார்லஸ் பிறந்ததில் இருந்து நோயாளி. இரண்டு கல்யாணம் செய்தும் பிள்ளை இல்லாமல் 1700-இல் இறந்தார். யார் அடுத்த ராஜா என்று ஐரோப்பா முழுக்கப் போர்.

இங்கே ஒரு எதிர்க்கருத்து உண்டு, மறைக்க மாட்டேன். தென்னிந்தியாவில் பல நூறு வருஷம் சொந்தத்திலேயே கட்டியதால் கெட்ட மரபணு எல்லாம் கழிந்துபோய் நாம் சுத்தமாகிவிட்டோம் என்று சில விஞ்ஞானிகள் சொன்னார்கள். கழிந்துபோய் என்றால் என்ன? மேலே சொன்ன அதே நாலு பாப்பாதான்.

சரி, மாமனை விட்டுவிட்டுச் சாதிக்குள்ளேயே தள்ளிப் போய்க் கட்டினால் போதுமா? முழுக்கப் போதாது. ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் தங்கராஜ் அவர்களும் வெளிநாட்டு விஞ்ஞானிகளும் 2013-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இந்தியாவில் சுமார் 1,900 வருஷம் முன்புவரை மக்கள் நிறையக் கலந்தார்கள், பிறகு அது நின்று அவரவர் கூட்டத்துக்குள்ளேயே கட்ட ஆரம்பித்தார்கள் என்கிறது அது. 2017-இல் வந்த ஆய்வில் தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களைப் பார்த்து, பலவற்றில் எல்லோரும் தூரத்துச் சொந்தம் மாதிரி ஆகிவிட்டார்கள் என்று கண்டார்கள். ஒரு சமூகத்தாரில் சிலருக்கு ஆபரேஷன் மயக்க மருந்தோடு கொடுக்கும் ஒரு மருந்து உடம்பில் கரையவே நேரமாகும், அது மரபணுவால் வந்தது. பெயர் எழுதவில்லை, நம் பள்ளியிலும் இருக்கலாம். ஒவ்வொரு சாதிக்கும் இப்படி ஏதோ ஒன்று இருக்கும், பெருமைப்பட ஒன்றும் இல்லை.

இதைச் சொல்வது சுலபம். நம் விருத்தாசலம் பக்கத்திலேயே 2003-இல் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட இரண்டு பேரை விஷம் கொடுத்துக் கொன்றார்கள். 2021-இல்தான் கடலூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. பதினெட்டு வருஷம். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, இன்னும் வீட்டில் மெதுவாகத்தான் பேசுகிறார்கள்.

இன்னொரு பொறுக்குதலும் நம் மாவட்டத்தில் நடந்தது. இயற்கையாக ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் 950 பெண் பிள்ளைகள் பிறக்கும். 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்டத்தில் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளில் ஆயிரத்துக்கு 896-தான். அந்த மீதிப் பெண்கள் இருந்திருந்தால் என் வயதுக்குக் கொஞ்சம் மூத்தவர்கள்.

எனக்கும் ஒரு மாமா இருக்கிறார். நல்லவர், திருப்பூரில் வேலை செய்கிறார், பொங்கலுக்கு எனக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கி வந்தார். ஆயாவுக்கு ஒரு ஆசை இருக்கிறது. அதை இங்கே எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "பேரை மட்டும் போடாத" என்றார்கள். போடவில்லை. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள், பரவாயில்லை. நான் ஆயாவிடம் கிடா விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஆயா பதிலே சொல்லாமல் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அசல்ல போனா உன்னை யாரு பாத்துப்பா?" என்று கேட்டது. அந்தக் கேள்விக்கு அறிவியலில் விடை இல்லை. நான் படித்து வேலைக்குப் போனால்தான் அதற்கு விடை.

டார்வின் கேட்டு முடியாமல் போன கேள்வியை நாமே கேட்கலாம் என்று வகுப்பில் பேசினோம். இந்தச் சுவருக்குக் கீழே ஒரு சாக்பீஸ் டப்பா வைத்திருக்கிறோம். உங்கள் அப்பா அம்மா சொந்தமா, அசலா என்று ஒரு சீட்டில் எழுதிப் போடுங்கள். சொந்தம் என்றால் மாமன் பிள்ளையா, அத்தை பிள்ளையா, தாய்மாமனா என்றும் எழுதுங்கள். பெயர், வகுப்பு, சாதி எதுவும் எழுத வேண்டாம். ஒருவருக்கு ஒரு சீட்டு. கூட்டுத்தொகையை அடுத்த இதழில் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு அண்ணன் அதற்கு வரைபடம் போட்டுத் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.

— 9-ஆம் வகுப்பு மாணவி