தடியும் சங்கிலியும் போதும்: வடசென்னையின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: பெருநகர சென்னை மாநகராட்சி, தமிழ்நாடு விலங்குகள் நல வாரியம், மீன்வளத் துறை, சென்னை மற்றும் எண்ணூர் துறைமுக நிர்வாகங்கள், கன்டெய்னர் யார்டு, குடோன், தொழிற்சாலை முதலாளிகள்.

அனுப்புநர்: ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நாய் வளர்க்கிறவர்கள், நாயிடம் கடிபட்டவர்கள். இரண்டும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான்.

மணலி பக்கம் ஒரு யார்டு. பெயர் வேண்டாம். கேட்டோரம் தகரக் கொட்டகை, அதில் மூன்றடிச் சங்கிலியில் ஒரு நாய். பகல் முழுக்கக் கட்டிக் கிடக்கும். ராத்திரி அவிழ்த்து விடுவார்கள். குரைக்காவிட்டால் அடி, சூப்பர்வைசரைப் பார்த்துக் குரைத்துவிட்டாலும் அடி. “அடி வாங்கினாத்தான் சூடு இருக்கும்” என்பார் அவர். எங்களில் ஒருவர் அங்கே லோடுமேன். ஒரு விடியற்காலையில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுவதற்காகக் கயிற்றை வீசக் கையை ஓங்கினான் கிளீனர் பையன். நாய் அவன் தொடையைக் கவ்விவிட்டது. அது திருடனைக் கடித்ததாக அந்த யார்டில் யாருக்கும் நினைவில்லை. கை ஓங்கினால் அடி விழும் என்று அதற்குக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். படித்த பாடத்தை அது சரியாக ஒப்பித்தது. பையனுக்கு நாலு தவணை ஊசி, நாலு நாள் கூலி நஷ்டம். நாயை எங்கோ கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த மாதம் அதே சங்கிலியில் இன்னொரு குட்டி.

அந்தப் பையனையும் அந்தக் குட்டியையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறோம்.

‘அடியாத மாடு படியாது’ என்று நம் ஊரில் சொல்லிச் சொல்லி அது சட்டம் மாதிரி ஆகிவிட்டது. நாய் விஷயத்தில் அது பொய். 2009-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், நடத்தைக் கோளாறு என்று கால்நடை மருத்துவரிடம் வந்த நாய்களின் சொந்தக்காரர்களை விசாரித்தார்கள். அடித்தோம், உதைத்தோம் என்றவர்களில் நூற்றுக்கு 43 பேரிடம் அந்த நாய் திருப்பிச் சீறியிருக்கிறது. 2020-இல் போர்ச்சுகலில், பயிற்சிப் பள்ளிகளுக்குப் போகும் 92 வீட்டு நாய்களை ஒப்பிட்டார்கள். அதட்டலும் சங்கிலி இழுப்புமாகப் பழக்கிய நாய்களின் எச்சிலில், பயிற்சி முடிந்ததும் பதற்றத்தைக் காட்டும் கார்ட்டிசால் கூடியிருந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? கொல்கத்தாவின் ஐசர் (IISER) அறிவியல் கல்வி நிறுவன ஆய்வாளர்கள் நம் நாட்டுத் தெருநாய்களிடமே பார்த்துவிட்டார்கள். முன்பின் தெரியாத ஆளை நம்ப வைப்பதில், கூடுதலாகப் போட்ட தீனியைவிடத் தலையைத் தடவிக் கொடுத்ததே அதிகம் வேலை செய்தது என்கிறது அவர்களின் 2017 ஆய்வு.

‘நாய்க்கு நாமதான் தலைவன்னு காட்டணும்’ என்று பேசும் டிரெய்னர்கள், கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து ‘கூட்டத்தில் ஒன்று சண்டை போட்டுத் தலைவனாகும்’ என்று சொன்ன பழைய கதையை நம்பிப் பேசுகிறார்கள். அந்தக் கதையை 1970-இல் எழுதிய புத்தகத்தின் மூலம் பரப்பிய டேவிட் மெக் என்ற ஆய்வாளரே பிற்பாடு அது தவறு என்று எழுதினார்; அந்தப் புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்திடமே கேட்டார். சேதி இன்னும் வடசென்னைக்கு வந்து சேரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்கிறோம். உறுமும்போதெல்லாம் அடித்தால் நாய் உறுமுவதைத்தான் விடும், பயத்தை விடாது. அடுத்த முறை சத்தமே இல்லாமல் பல் இறங்கும். உறுமல் என்பது ‘தள்ளி நில்’ என்று அது நமக்குத் தரும் அவகாசம். அதைத் தடியால் பிடுங்கிக்கொள்கிறோம்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

முதலில் சங்கிலி. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவில், நாயைக் குட்டைச் சங்கிலியில் அளவுக்கு மீறிய நேரம் கட்டிப்போடுவதும், கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க விடாததும் குற்றம் என்று தெளிவாகச் சொல்கிறது. அந்தச் சட்டத்துக்காக மாநிலங்களவையில் முதலில் குரல் கொடுத்தவர் நம் சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல். ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். அதிகபட்சத்தைக் கட்டினாலும் நாலைந்து டீக்காசு. தொகையை உயர்த்துவது நாடாளுமன்றத்தின் வேலை, எங்கள் எம்.பி.க்கள் அங்கே கேட்க வேண்டும். அதுவரை மாநகராட்சி தன் கையில் இருப்பதைச் செய்யட்டும். யார்டு, குடோன், தொழிற்சாலைக்குத் தொழில் உரிமம் புதுப்பிக்கும்போது, உள்ளே எத்தனை நாய், எங்கே படுக்கிறது, நிழலும் தண்ணீரும் உண்டா, தடுப்பூசி போட்டாச்சா என்று ஒரு பக்கம் எழுதி வாங்கட்டும். திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் தொடங்கினால் போதும். காவல் நாய் கம்பெனிக்குச் சொந்தம் என்று அதில் கையெழுத்து இருக்க வேண்டும். இன்றைக்கு நாய் கடித்தால் ‘அது தெருநாய்’, திருடன் வந்தால் ‘எங்க நாய்’.

அடுத்தது பழக்குகிறவர்கள். நாயை இனப்பெருக்கம் செய்ய 2017-இல் விதி வந்தது, கடையில் விற்க 2018-இல் விதி வந்தது. பழக்குகிறவருக்கு ஒன்றுமில்லை, விசிட்டிங் கார்டு அடித்தால் டிரெய்னர். விலங்குகள் நல வாரியம் அவர்களைப் பதிவு செய்ய வேண்டும். முள் காலர், கழுத்தை நெரிக்கும் சோக் செயின், கரண்ட் காலர் மூன்றையும் தமிழ்நாட்டில் தடை செய்ய வேண்டும். வேல்ஸ் நாடு கரண்ட் காலரை 2010-லேயே தடை செய்துவிட்டது. பிட்புல், ராட்வீலர் வகைகளுக்குப் புது உரிமம் இல்லை என்று சென்னை மாநகராட்சி 2025-இல் முடிவெடுத்தது. கடி வாங்கியவர்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வெறியேற்றிப் பழக்குகிறவன் நாளைக்கு வேறு ஜாதி நாயை வாங்கிக்கொண்டு வருவான். அவன் கையில் இருக்கும் கருவியை யார் கேட்பது?

அன்பாகப் பழக்கினால் காவல் போய்விடும் என்று பயப்படும் முதலாளிகளுக்கு: போகாது. குரைப்பு நாயின் பிறவிக் குணம். அதை அடித்து வரவழைக்க வேண்டியதில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியது நிறுத்துவதைத்தான். ஆள் வருகிறார், நாய் குரைக்கிறது, ‘போதும்’ என்கிறார் வாட்ச்மேன், நாய் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்துகிறது. அந்த நொடியிலேயே வாயில் ஒரு துண்டு தீனி. பத்து நொடி கழித்துக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தோம் என்று அதற்குப் புரியாது. ஷிப்ட் மாறும்போது புது வாட்ச்மேன் தன் கையாலேயே கொடுக்க வேண்டும், லோடுமேன்களும் அப்படியே. தினம் இரண்டு தடவை ஐந்து ஐந்து நிமிஷம் போதும். தீனிக்கு முள் எடுத்த அவித்த மீன் நம் ஊரில் குப்பை விலைக்குக் கிடைக்கும். கருவாடு வேண்டாம், உப்பு.

மூன்றாவது கோரிக்கை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கானது. துறைமுகத்து நாய்கள் ஏலம் முடிந்த கழிவில் வாழ்கின்றன. கூடை வைத்திருக்கும் அம்மாக்கள் அவற்றைக் கல்லால் அடித்து ஒதுக்குவதில்லை. தள்ளி உட்கார்ந்திருக்கும் நாய்க்குத்தான் செவுளும் குடலும் விழும், கூடையில் மூக்கை வைக்கும் நாய்க்கு ஒன்றும் கிடைக்காது. எந்தப் பள்ளியிலும் படிக்காத பயிற்சி அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பைபர் படகு மட்டும் போகும், கழிவு குறையும். பசித்த நாய் பழகிய கூட்டத்தைவிட்டு வேறு தெருவுக்குப் போய்ச் சண்டை போடும். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில், நாய்களுக்கு உணவு வைக்க வார்டுதோறும் தனி இடம் ஒதுக்கச் சொன்னது. அந்த இடங்களைத் துறைமுகத்து மீனவர் சங்கங்களோடு உட்கார்ந்து முடிவு செய்து, தடைக்காலத் தீனிக்கு மாநகராட்சியும் மீன்வளத் துறையும் பொறுப்பேற்க வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் கருத்தடையையும் தடுப்பூசியையும் அங்கேயே முடித்துவிடலாம். தீனி வைக்கிற கைக்கு நாய் தானாக வரும், துரத்த வேண்டாம்.

நாய் பிடிக்கிற தொழிலாளர்களுக்கும் பயிற்சி, கையுறை, தடுப்பூசி, நல்ல வலை கொடுங்கள். இடுக்கியும் கம்பியும் கூடாது என்கின்றன 2023 கருத்தடை விதிகள். ஒரு நாயைக் கம்பியில் இழுத்ததைத் தெருவே பார்த்திருந்தால், அடுத்த முறை அந்தத் தெருவில் ஒரு நாயும் கிட்டே வராது. 1996 வரை நாய் பிடித்துக் கொன்ற மாநகராட்சி இது. புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு 1964-லிருந்து கேட்டுக்கொண்டே இருந்த கருத்தடைத் திட்டத்தை அந்த ஆண்டுதான் ஏற்றது. மாற முடியும் என்று காட்டிய மாநகராட்சியிடம்தான் கேட்கிறோம்.

மாநகராட்சிப் பள்ளிகளில் ஆண்டுக்கு ஒரு வகுப்பு: நாய் துரத்தினால் ஓடாமல் நிற்பது, சாப்பிடும் நாயைத் தொடாமல் இருப்பது, கடிபட்டால் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போவது. வாலில் சரவெடி கட்டக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கேட்காததையும் எழுதிவிடுகிறோம். வெறிநோய் பிடித்த நாயையோ, கடித்துக் கடித்தே பழகிவிட்ட நாயையோ தெருவில் விட்டு வையுங்கள் என்று கேட்கவில்லை. குழந்தை கடிபட்ட வீட்டில் போய்க் கருணை பேசவும் மாட்டோம்.

எங்கள் பக்கமும் கணக்கு இருக்கிறது. குட்டி வீட்டுக்குள் ஒன்றுக்குப் போனதும் அதன் மூக்கை அதில் தேய்த்தவர்கள் எங்களில் உண்டு. பச்சைக் கறி போட்டால் வெறி ஏறும் என்று போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. கையெழுத்துப் போடுகிற ஒவ்வொருவரும் முதலில் தன் வீட்டுச் செயினை நீட்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று எங்களுக்குள் பேசி முடித்திருக்கிறோம்.

முதலாளிகள் இதற்காக டெண்டர் விட வேண்டியதில்லை. மூன்றடிச் சங்கிலியை இன்று ராத்திரியே கழற்றலாம். அரசுத் துறைகளிடமிருந்து எழுத்தில் பதில் வேண்டும். ஏப்ரல் 15-க்கு முன்னால் வேண்டும். அன்றைக்குக் காசிமேட்டில் விசைப்படகுகள் நின்றுவிடும்.