குணப்படுத்தி எங்கே அனுப்புகிறோம்?

போர்ச் செய்திகளில் இறந்தோர் தொகை வருகிறது. மனம் சிதைந்து திரும்பியோர் தொகை நம் கண்ணில் படுவதில்லை. 2022ல் தொடங்கிய உக்ரைன் போர்ச் செய்திகளை வாசிக்கையில், ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலுள்ள கிரெய்க்லாக்கார்ட் மாளிகை நம் நினைவுக்கு வருகிறது.

1916 முதல் 1919 வரை அது குண்டு அதிர்ச்சியால் மனம் கலங்கிய இராணுவ அதிகாரிகளின் மருத்துவமனை. மருத்துவர் ரிவர்ஸ் அவர்களைப் பேசவைத்தே குணப்படுத்த முயன்றார். கனிவான மருத்துவம்தான், ஆனால் குணமானவர் மீண்டும் போர்முனைக்கே போகவேண்டும்! போரை எதிர்த்து அறிக்கைவிட்ட கவிஞர் சசூனும், இளங்கவிஞர் வில்பிரட் ஓவனும் அங்கே சந்தித்தது 1917 ஆகஸ்டில். அதே மாதம்தான் திருத்தந்தை 15ம் பெனடிக்ட், போரிடும் நாடுகளின் தலைவர்களுக்கு அமைதி மடல் எழுதினார். அவர்கள் செவிமடுக்கவில்லை. குணமான ஓவன் திரும்பிச்சென்று, 1918 நவம்பர் 4ல், போர்நிறுத்தத்துக்கு ஒரு வாரம் முன்பு மடிந்தார். குணம் எதற்காக என்பதை இன்றைய இராணுவ மருத்துவமனைகளிடமும் நாம் கேட்கவேண்டியுள்ளது.

1920ல் திருஇருதய சபை அருள்சகோதரிகள் அக்கட்டடத்தை வாங்கி, இளம்பெண்கள் தங்கி ஆசிரியப் பயிற்சி பெறும் கல்லூரியாக்கினர். 1918ம் ஆண்டுச் சட்டத்தால் கத்தோலிக்கப் பள்ளிகள் அரசுப் பொறுப்பில் வந்து, தகுதிபெற்ற ஆசிரியர்கள் தேவைப்பட்ட காலம் அது. அங்கே பயின்றவர்கள் போர்முனைக்கல்ல, வகுப்பறைக்குப் போனார்கள். இன்று அது நேப்பியர் பல்கலைக்கழக வளாகம். சசூன், 1957ல், தம் எழுபதாம் வயதுகளில், கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்.